ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை: சென்னைச் சுவர்களைக் காட்டியே ஊர்க்கதை சொல்ல முடியுமா?

பாளை_மாலா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டைக்காரி. வேலைக்காகச் சென்னை வந்து நாலு வருஷமாகிறது, துரைப்பாக்கத்தில் வாடகை வீடு. அக்கா பையன் பள்ளி லீவுக்கு என்னிடம் வருகிறான். ஏழாம் வகுப்பு முடித்தவன். கையில் பென்சில் கிடைத்தால் போதும், மின்சார பில்லின் பின்பக்கத்தில்கூடப் படம் போடுவான். ஆனால் வரலாறு என்று வாயைத் திறந்தால் எழுந்து ஓடிவிடுவான். போன தடவை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். திமிங்கில எலும்புக்கூடு வரைக்கும் ஒரே குதியாட்டம். அப்புறம் கல்வெட்டுப் பக்கம் திரும்பினதுமே "சித்தி, கால் வலிக்குது" என்று ஆரம்பித்துவிட்டான்.

போன வாரம் வீடியோ காலில் பேசிக்கொண்டே இந்திரா நகர் ரயில் நிலையத்தைக் கடந்தேன். அந்தச் சுவர் முழுக்க இருக்கும் பெரிய பெரிய முகங்களைப் பார்த்துவிட்டு, "யாரு சித்தி இவங்கல்லாம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு வருஷமாக அந்த முகங்களைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

அதனால் ஒரு யோசனை. மியூசியம், கோட்டை எல்லாம் வேண்டாம். தெருவில் இருக்கிற ஓவியம், சிலை, சுவர் இவற்றை மட்டும் காட்டி இந்த ஊரின் கதையைச் சொல்ல முடியுமா? ஒரு நாள்தான் இருக்கிறது. ரயில், பஸ், கடைசிக்கு ஆட்டோ. செல்ஃபி எடுக்க எது நல்ல இடம் என்ற பட்டியல் நெட்டில் நிறையக் கிடக்கிறது, அது வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓஎம்ஆர்_ஒருவன்:

முதலில் அந்த முகங்களுக்குப் பதில். அது 2021 வாக்கில் வரைந்தது. ஏ-கில் என்ற சென்னைக்காரரும் கத்ரா என்ற இன்னொரு ஓவியரும் சேர்ந்து செய்த வேலை. தெரு ஓவியங்களுக்கான ஸ்டார்ட் இந்தியா (St+art India) அறக்கட்டளை, ஏஷியன் பெயின்ட்ஸ், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் மூன்றும் பின்னால் இருந்தன. எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கக்கூடாது என்பதுதான் விஷயம். பல வயது, பல தொழில், பல வகை மனிதர்களின் முகங்கள் வரிசையாக இருக்கும். அதில் யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது அல்லவா? அதுதான் படம்.

அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே போனால் கண்ணகி நகர். 2020 தொடக்கத்தில் அதே அறக்கட்டளை அங்கே குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரையத் தொடங்கியது. வெளிநாட்டு ஓவியர்களும் வந்தார்கள். உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். இது இரண்டும் போதுமே, ஏன் ஊர் முழுக்க அலைய வேண்டும்? மே மாத வெயில் தெரியும்தானே.

---

நேர்மை_நாகு:

ஓவியம் பார்க்கக் கண்ணகி நகரா? ஊருக்கு நடுவில் குடியிருந்தவர்களைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் பத்து இருபது கிலோமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டு, அப்புறம் சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் அது கலையா? சாக்கடை மூடிக்குச் செலவழித்திருக்கலாம். பையனுக்கு இதைத்தான் வரலாறு என்று காட்டப் போகிறீர்களா?

---

க_நகர்_செல்வி:

நாகு சார், நான் அங்கேதான் இருக்கிறேன். அதனால் நானே சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் இருந்தது. குடிசை மாற்று வாரியம் கண்ணகி நகரைத் தொடங்கிய முதல் வருஷங்களிலேயே எங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. லாரியில் வந்தது ஞாபகம் இருக்கிறது. பீரோவைச் சாய்த்துப் போட்டு, அதன் மேல் பாயை விரித்து என்னை உட்கார வைத்தார்கள். அம்மா வீட்டு வேலை செய்த இடம் புதுப்பேட்டை. இங்கே வந்த பிறகும் ஒரு வருஷம் அங்கேயே போய்வந்தாள், காலை நாலரைக்குக் கிளம்பி. அப்புறம் முடியவில்லை, விட்டுவிட்டாள். 2004 சுனாமிக்கு அப்புறம் கடற்கரைக் குப்பத்து ஜனங்களும் வந்தார்கள். இன்று 15,000 வீட்டுக்கு மேல் இருக்கிறது.

சாக்கடை மூடி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் இதையும் கேளுங்கள். கல்லூரி முடித்து முதல் இன்டர்வியூவுக்குப் போனேன். பெயர் வேண்டாம், இதே மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி. எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் முகவரியைப் பார்த்தார்கள். பார்த்தவரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "கூப்பிடுகிறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. அடுத்த இன்டர்வியூவுக்குத் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதினேன், வேலை கிடைத்தது. ஊரில் யாராவது எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் இப்படி இரண்டு பதில் வைத்திருப்பவர்கள் எங்கள் பிளாக்கில் நிறையப் பேர்.

அந்தப் படங்கள் வந்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி வெளியாட்கள் வழி கேட்டு வந்தார்கள். அதற்கு முன்னால் போலீஸ் மட்டும்தான் வழி கேட்கும். படத்தால் எங்கள் வாழ்க்கை மாறிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அப்படி எழுதுகிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் எங்கள் கார்த்திகா இருந்தாளே, அன்றைக்குத் தெருவில் இருந்த கூட்டமும் சத்தமும் எந்தப் பெயின்ட்டுக்கும் வரவில்லை.

மாலா அக்கா, வாங்க. காலை ஏழுக்குள் வந்தால் நல்லது, இல்லாவிட்டால் மாலை ஐந்துக்கு மேல். ஏ-கில் வரைந்த சிரிக்கிற குழந்தைகள் படத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். பையனிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: சுவரைப் படம் எடுக்கலாம், ஜன்னலை எடுக்கக் கூடாது. ஜன்னலில் எங்கள் துணி காயும்.

---

பிரஷ்_பெரியவர்:

நான் இதில் எழுதுவது குறைவு. பேத்திதான் இந்தக் கேள்வியைக் காட்டினாள். டைப் அடிக்க நேரமாகும், பொறுத்துக்கொள்ளவும்.

பதினாலு வயதில் ராயப்பேட்டையில் ஒரு பேனர் கடையில் சேர்ந்தேன். சினிமா பேனர், கட்அவுட். முதல் மூன்று வருஷம் பிரஷ் கழுவுவது, பசை காய்ச்சுவது, கட்டம் போடுவது. படக் கம்பெனி கொடுக்கிற ஸ்டில்லின் மேல் ஒரு அங்குலத்துக்கு ஒரு கட்டம், பேனர் துணியில் ஒரு அடிக்கு ஒரு கட்டம். சின்னக் கட்டத்தில் இருக்கிற காதைப் பெரிய கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. கண், மூக்கு, உதடு மாஸ்டர் மட்டும்தான் போடுவார். எங்களுக்குச் சட்டை, வானம், மீசையின் ஓரம். அருகில் நின்று பார்த்தால் கதாநாயகி கன்னத்தில் பச்சை, ஊதா, ரோஸ் எல்லாம் திட்டுத் திட்டாக அப்பியிருக்கும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால்தான் அது கன்னம். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு நாளைக்கு இருபது தடவை ரோட்டைக் கடப்போம். அப்போது அவ்வளவு வண்டி இல்லை.

தேர்தல் வந்தால் பேனரைக் கட்டி வைத்துவிட்டுச் சுவருக்குப் போய்விடுவோம். சுண்ணாம்பில் நீலம் கலந்து ஒரு கை, காய்ந்ததும் இன்னொரு கை. மூலையில் கட்சிப் பெயர், இந்த வருஷம் முதல் இந்த வருஷம் வரை, 'ஆல் சைடு' என்று எழுதிவிட்டால் அந்தச் சுவர் நான்கு பக்கமும் அவர்களுக்கு. வீட்டுக்காரரிடம் கேட்டார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள். உதயசூரியனுக்கு நூலின் ஒரு முனையை ஆணியில் சுற்றி, மறுமுனையில் பிரஷ்ஷைக் கட்டி இழுத்தால் அரை வட்டம். மலை இரண்டு, கதிர் வரிசை. இரட்டை இலைக்கு நூலே வேண்டாம். கை பழகினவன் ஒரு இலைக்கு இரண்டு இழுப்பு, நரம்புக்கு ஒன்று, அடுத்த சுவர். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் நின்றபோதுதான் அந்தச் சின்னம் முதலில் வந்தது. வரையச் சுலபமான சின்னம், அதுதான் ஊரெல்லாம் சீக்கிரம் பரவியது என்பார் எங்கள் மாஸ்டர். அவர் அரசியல் அறிவு அவ்வளவுதான், ஆனால் முழுத் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஒரே ராத்திரி, ஒரே தெரு, இந்தப் பக்கம் சூரியன் அந்தப் பக்கம் இலை, இரண்டும் நானே எழுதியிருக்கிறேன். இரண்டு கட்சி ஆளும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. நாங்கள் நாலு பேர் நாலு நாள் செய்கிற வேலையை மெஷின் சாயங்காலத்துக்குள் துப்பியது. தேர்தல் கமிஷனும் சுவர் விஷயத்தில் கெடுபிடி காட்டத் தொடங்கியது. பொது இடத்தின் தோற்றத்தைக் கெடுக்கக்கூடாது என்ற சட்டம் 1959-இலேயே இருக்கிறது, ஆனால் நாங்கள் எழுதிய காலத்தில் அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. என்னோடு வேலை செய்தவர்களில் ஒருவர் ஆட்டோ வாங்கினார், ஒருவர் கோயில் பொம்மைக்கு வண்ணம் அடிக்கப் போனார். நான் கடைப் பெயர்ப் பலகை, லாரி நம்பர் என்று ஓட்டினேன்.

2009-இல் திடீரென்று கூப்பிட்டார்கள். மா. சுப்பிரமணியன் மேயராக இருந்தபோது மாநகராட்சி, அண்ணா சாலை, காமராஜர் சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டக்கூடாது என்று சொல்லி, அதே சுவர்களில் படம் வரைய முடிவு செய்தது. வேலை எங்களைப் போன்ற பேனர்காரர்களுக்கு வந்தது. எங்கள் பிழைப்பையே போஸ்டரும் ஃப்ளெக்ஸும் தின்றுவிட்ட பிறகு, அந்தப் போஸ்டரை மறைக்க எங்களைத் தேடினார்கள் பாருங்கள். நான் இரண்டு மாதம் வரைந்தேன். மாமல்லபுரம், பரதநாட்டியம், ஜல்லிக்கட்டு, பட்டுப்புடவை நெசவு. கூலி பேசிய ஒப்பந்தக்காரர் கடைசி வாரப் பணத்தை இன்னும் தரவில்லை, போகட்டும்.

அந்த இரண்டு மாதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. நான் வரைந்த சுவர் ஒன்றில்கூடச் சென்னை இல்லை. தஞ்சாவூர் இருந்தது, மதுரை இருந்தது. கூவம் இல்லை, கை ரிக்‌ஷா இல்லை, மீன்காரம்மா இல்லை, சினிமா இல்லவே இல்லை. அந்தச் சுவருக்கே சினிமாதான் சோறு போட்டது, அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தான் நான் ரதத்தை வரைந்தேன். அடிக்கும்போது அடியில் பாதி முகம் தெரிந்தது. யார் முகம் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், விடுங்கள்.

அதனால் மாலாம்மா, பையனுக்கு நான் ஒரே ஒரு வித்தை சொல்லித் தருகிறேன். எந்தச் சுவரைப் பார்த்தாலும் 'இதற்கு முன்னால் இங்கே என்ன இருந்திருக்கும்' என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் வேண்டுமானால் படத்தின் ஓரத்துக்குப் போக வேண்டும். மழைநீர்க் குழாய்க்குப் பின்னால், கேட் கீல் பக்கம், மின்பெட்டிக்கு அடியில். சுவர் சுரண்ட வந்தவன் சம்பளத்துக்குத்தான் சுரண்டுவான், அங்கெல்லாம் கையை விட மாட்டான். பழைய எழுத்து அங்கிருந்துதான் எட்டிப் பார்க்கும். கடற்கரைப் பக்கம் என்றால் சுவர் உப்பரித்து மேல் பெயின்ட் தானாகவே உரிந்திருக்கும், இன்னும் சுலபம்.

சந்துக்குள் போனால் சுவரின் அடியில் வரிசையாகச் சாமி டைல்ஸ் பதித்திருப்பார்கள். பிள்ளையார், சிலுவை, மசூதி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். மத நல்லிணக்கம் என்று வெளியூர்க்காரர்கள் படம் எடுப்பார்கள். யாரும் அங்கே ஒன்றுக்கு இருக்கக் கூடாது என்பதற்காக வைத்தது.

---

ராயபுரம்_ரபீக்:

பெரியவரே, அந்தப் பாதி முகம் யார் என்று சொல்லாமல் விட்டீர்களே, தூக்கம் வருமா எங்களுக்கு?

மாலா மேடம், எல்லோரும் சுவரில் இருக்கிற படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். சுவரையே காட்ட வேண்டாமா? சென்ட்ரல் பக்கத்தில் வால்டாக்ஸ் ரோடு இருக்கிறதே, சின்ன வயதில் வால் மாதிரி நீளமாக இருப்பதால் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இங்கிலீஷ் 'வால் டாக்ஸ்', அதாவது சுவர் வரி. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் நகரை முற்றுகையிட்டார்கள். அடுத்த பத்து வருஷத்துக்குள் ஹைதர் அலியின் குதிரைப்படை நகர எல்லை வரை வந்து போனது. பயந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், கோட்டைக்கு வெளியே நம் ஜனங்கள் இருந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றிப் பெரிய மதில் கட்டினார்கள். பால் பென்ஃபீல்டு என்பவருக்கு ஒப்பந்தம். செலவை ஜனங்களிடம் வரியாக வாங்கப் பார்த்தார்கள், அது நடக்கவில்லை. வரி போய்விட்டது, தெருவுக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்த மதிலில் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம், அதன் மேலேயே பூங்கா போட்டிருக்கிறார்கள், மாடிப் பூங்கா என்று பெயர். படி ஏறித்தான் போக வேண்டும். திறந்திருக்கிறதா என்று கீழே கடையில் விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

வழியில் உயர் நீதிமன்றம். வளாகச் சுவரில் ஒரு சின்னக் கல் பதித்திருக்கும், சாதாரணமாகக் கண்ணில் படாது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு போட்டதே, அதற்கான அடையாளம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டார்களாம். எங்கள் பாட்டி என்னைத் திட்டும்போதெல்லாம் "எம்டன்டா நீ" என்பாள். பையனும் யாரிடமாவது அந்தத் திட்டை வாங்கியிருப்பான், கேட்டுப் பாருங்கள். அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தான் என்றால் அப்புறம் தேதியை நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெரினா சிலைகளை எல்லோரும் காரில் போகும்போது பார்க்கிறார்கள். இறங்கிப் பாருங்கள். உழைப்பாளர் சிலை தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தது. எழும்பூர்ப் பக்கம் இருக்கிற ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அந்த நாலு பேருக்கும் மாதிரியாக நின்றவர்கள் கல்லூரியின் ராத்திரிக் காவலாளியும் ஒரு மாணவரும்தான். 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இதே கடற்கரையில்தான், இந்தியாவிலேயே முதல் தடவை. பாறையைத் தள்ளுகிறவனின் பின்னங்கால் விரல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர், அவர் விரலும் அப்படித்தான் மண்ணைக் கவ்வும்.

கொஞ்சம் தெற்கே நடந்தால் கண்ணகி. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த பத்துச் சிலைகளில் ஒன்று. 2001 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள், பெரிய ரகளை ஆனது. 2006 ஜூனில் திரும்பவும் வைத்தார்கள்.

நேரம் இருந்தால் வியாசர்பாடிக்கும் வாருங்கள். நீலக் கோட்டு அம்பேத்கர் இல்லாத தெரு இருக்காது, பக்கத்திலேயே கால்பந்து. அதற்கு எந்த அறக்கட்டளையும் பணம் தரவில்லை, தெருப் பையன்களே வசூல் செய்து வரைந்தது.

---

ஜெமினி_ரவுண்டானா:

ரபீக் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணா மேம்பாலத்தின் கீழே குதிரையை அடக்கும் ஆள் சிலை இருக்கிறதே, அது என்னவோ வீர விளையாட்டு என்று என் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழித்ததற்கான சிலை. 1974-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் ஆகாது என்று 1996-இல் தீர்ப்பு வந்துவிட்டது. கிண்டியில் குதிரை தொடர்ந்து ஓடியது, இங்கே ஒரு ஆள் இன்னும் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே நிற்கிறார்.

இல்லாத சிலையையும் காட்டலாம். மவுன்ட் ரோட்டில் நீல் என்ற வெள்ளைக்காரத் தளபதிக்குச் சிலை இருந்தது. 1857-இல் ஜனங்களைக் கொன்று குவித்த ஆள். 1927-இல் அதை எடுக்கச் சொல்லிப் போராடிச் சிறைக்குப் போனார்கள். பத்து வருஷம் கழித்து 1937-இல்தான் எடுத்தார்கள். இப்போது எழும்பூர் மியூசியத்தில். உங்கள் பையன் கால் வலித்த அதே மியூசியம்!

---

பாளை_மாலா:

போய்வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி. நீளமாக எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

காலை ஆறேகாலுக்கு இந்திரா நகர் ஸ்டேஷன். பையன் அரை மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்து ஒரு முகத்தை மட்டும் வரைந்தான். நோய் யாருக்கு என்று சொல்ல முடியாது என்பதை அவனுக்கு விளக்கினேன். "அப்ப நம்ம கிளாஸ்ல எல்லாரையும் வரைஞ்சு, இதுல யாரு ஃபெயில்னு கேட்ட மாதிரி" என்றான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம். உழைப்பாளர் சிலை கிட்டே போனதும் பின்பக்கம் ஓடினான், ரபீக் அண்ணன் சொன்ன விரலைப் பார்க்க. அதை மட்டும் பெரிதாக வரைந்திருக்கிறான். கண்ணகியிடம்தான் மாட்டிக்கொண்டேன். எடுத்தது, திரும்ப வைத்தது எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றவன், "சாயங்காலம் போகப் போற கண்ணகி நகரும் இந்தக் கண்ணகி பேருதானா? அப்ப ரெண்டையும் தூக்கிட்டுப் போயிருக்காங்க. சிலையை மட்டும் திருப்பிக் கொண்டாந்து வெச்சுட்டாங்களா?" என்று கேட்டான். பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர் திரும்பி அவனை ஒரு தடவை பார்த்தார்.

எம்டன் கல்லைக் கண்டுபிடிக்கச் சுவரோடு சுவராக நடந்தோம். அவன்தான் முதலில் பார்த்தான். அக்காவுக்குப் போன் போட்டு, "நீ என்னை எம்டன்னு சொல்லுவியே, அது கப்பலு" என்று ஒரே கத்தல். மாடிப் பூங்காவுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. மேலே ஏறி நின்றபோது அவன் கேட்டது: "இந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் யாரு, அந்தப் பக்கம் யாரு?" பெரியவர் சொன்ன வித்தையை விட்டுவிட்டு இவன் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டான்.

மாலை செல்வி வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா காராமணிக் குழம்பும் சோறும் வைத்திருந்தார்கள். படங்கள் சில இடத்தில் வெளிறிப்போயிருக்கின்றன, ஒன்றின் மேல் தண்ணீர்க் குழாய் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பையன் ஜன்னலைப் படம் எடுக்கவில்லை, ஆனால் வரைந்துவிட்டான். செல்வியிடம் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டான்.

இப்போது பிரஷ்_பெரியவர் அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி, அவன் கேட்கச் சொன்னது. திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில் உரிந்து கீழே கிடந்த காரைச் சில்லு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறான், விரல்நீளம்தான். ஓரத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்து ஏழு அடுக்கு என்று எண்ணி, கலர் பென்சிலில் பெரிதாக வரைந்திருக்கிறான். அடியிலிருந்து மேலே: வெள்ளை, மெல்லிய கறுப்புக் கோடு, நீலம் கலந்த வெள்ளை, மறுபடியும் அதே நீலவெள்ளை, மஞ்சள், அதன் மேல் கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக ஒன்று, கடைசியில் ரோஸ். இதில் எது எந்தக் காலம் என்று கேட்கிறான்.

---

பிரஷ்_பெரியவர்:

அண்ணாச்சி என்றதும் எனக்குத் தெருமுனை மளிகைக் கடைதான் ஞாபகம் வந்தது. பரவாயில்லை, கூப்பிடுங்கள்.

தம்பிக்கு: அந்தக் கறுப்புக் கோடு பெயின்ட் இல்லை. பாசியும் புகையும். பல வருஷம் அந்தச் சுவரை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். நீலவெள்ளை இரண்டு தடவை அடுத்தடுத்து, நடுவில் அழுக்கே இல்லை என்றால் அது தேர்தல், சந்தேகமே வேண்டாம். முதல் கை ஒரு கட்சி, இரண்டாவது கை அடுத்த கட்சியாகக்கூட இருக்கலாம். நீலத்துக்கு மேல் எங்கேயாவது சிவப்போ பச்சையோ பொட்டு அளவுக்கு இருக்கிறதா என்று லென்ஸில் பார். இருந்தால் எந்தச் சின்னம் என்று நான் சொல்கிறேன்.

மஞ்சள் வீட்டுக்காரர் அடித்தது. பளபளப்பு மைதாப் பசை. அது போஸ்டர் காலம். பசையை ஊசி முனையால் லேசாகத் தூக்கிப் பார், காகிதத் துணுக்கு ஒட்டியிருக்கும், சிலசமயம் மசியும் இருக்கும். ரோஸ் சமீபத்தியது, எமல்ஷன். நகத்தால் கீறினால் சுண்ணாம்பு மாதிரி உதிராது, தோல் மாதிரி உரியும்.

சில்லைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடாதே. ஈரம் நின்றால் அடுக்கு தனித்தனியாக விட்டுவிடும். பழைய பேப்பரில் மடித்து வை.